ஆயிரம் குஞ்சுகளுக்கு நடுவில் தன் குஞ்சு எது என்று பென்குயினுக்கு எப்படித் தெரிகிறது?

நிலாமதி | சனி, இரவு 9.20

எல்லோருக்கும் வணக்கம். நேற்று ராத்திரி டிவியில் பென்குயின்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி பார்த்தோம். கடலிலிருந்து ஒரு பென்குயின் வயிறு நிறைய மீனோடு கரையேறி வருகிறது. கரை முழுக்கப் பழுப்பு நிறத்தில், கம்பளி போர்த்திய மாதிரி ஆயிரக்கணக்கான குஞ்சுகள். எல்லாம் ஒரே அச்சு. அந்தப் பென்குயின் கூட்டத்தின் ஓரத்தில் நின்று, கழுத்தை நீட்டி, அலகை வானத்துக்குத் தூக்கிக் கூவியது. எங்கிருந்தோ ஒரே ஒரு குஞ்சு மற்றவற்றை இடித்துத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தது.

என் மகள் மூன்றாம் வகுப்பு. "அது அவங்க பாப்பாதான்னு எப்படிம்மா தெரியும்?" என்றாள். "அம்மாவுக்குத் தெரியாதா?" என்று சொல்லி முடித்துவிடப் பார்த்தேன். அவள் விடவில்லை. "தேரோட்டத்துல நான் அம்மான்னு கத்தினப்போ பத்து அம்மாங்க திரும்பிப் பார்த்தாங்களே" என்றாள். உண்மைதான். அன்றைக்கு நானும் வேறொரு குழந்தை கூப்பிட்டதற்குத் திரும்பியிருக்கிறேன்.

அவளுக்குச் சரியான பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சேந்தன் | சனி, இரவு 9.45

வாசனையாகத்தான் இருக்கும் அக்கா. எங்கள் வீட்டில் மாடு கன்று போட்டதும் முதல் வேலையாக நக்கிக்கொடுக்கும். அதற்கப்புறம் வேறு கன்றைக் கொண்டுபோய் விட்டால் ஒரு மோப்பம், அடுத்த நொடி உதை. பென்குயினும் அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

அலைவாய் | சனி, இரவு 11.10

நிலாமதி, உங்கள் மகள் கேட்டதைத்தான் பிரெஞ்சு ஆய்வாளர்கள் சிலர் பல வருடம் ஒரு தீவில் போய் உட்கார்ந்து கேட்டார்கள். முதுகலை படிக்கும்போது என் ஆய்வேடு கடற்பறவைகளின் குரல் பற்றியது. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது கிங் பென்குயின். அந்தப் பழுப்புக் குஞ்சுகள் பெரிய பறவைகளைப் போலவே இல்லாததால் அந்தக் காலத்து மாலுமிகள் அவற்றை வேறு இனம் என்றே நினைத்தார்களாம். நம் இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் குரோசே என்று ஒரு தீவுக்கூட்டம் இருக்கிறது, பிரான்சுக்குச் சொந்தம். அங்கே பொசெஷன் தீவில் தியெரி ஓபான், பியர் ஜூவான்தான் என்ற இருவரும் அவர்கள் குழுவும் இந்தப் பறவையைத்தான் பார்த்தார்கள்.

முதலில் அதன் கஷ்டத்தைச் சொல்ல வேண்டும். கிங் பென்குயினுக்குக் கூடு கிடையாது. ஒற்றை முட்டையைப் பாதத்தின் மேல் வைத்து, வயிற்று மடிப்பால் மூடி, ஏறக்குறைய 54 நாள் அடைகாக்கும். அப்பாவும் அம்மாவும் மாற்றி மாற்றி நிற்பார்கள். பொரிந்த பிறகும் சில வாரம் குஞ்சு அந்தப் பாதத்தின் மேலேயே இருக்கும். பெரிதானதும் இரண்டு பேரும் மீனுக்குப் போய்விடுவார்கள், குஞ்சுகளெல்லாம் ஒன்றாகச் சேர்ந்து நிற்கும். இதற்கு பிரெஞ்சில் வைத்த பெயருக்கு நம் ஊர் 'பால்வாடி' சரியாகப் பொருந்தும்.

கடலுக்குப் போன பென்குயின் சில நாளில் திரும்பலாம், சில வாரம் ஆகலாம். குளிர்காலத்தில் மாதக்கணக்கில் சோறில்லாமல் நிற்கும் குஞ்சும் உண்டு. அந்தப் பசியில் குஞ்சு யாரிடம் வேண்டுமானாலும் வாயைத் திறக்கும். ஆனால் பெரியது தன் குஞ்சைத் தவிர வேறொன்றுக்கு ஊட்டாது. அலகால் கொத்தி விரட்டிவிடும். ஆகவே அடையாளம் தப்பினால் குஞ்சு செத்துவிடும்.

வந்த பறவை கடைசியாக எங்கே ஊட்டியதோ அந்தப் பக்கம் வரும். அதுவரைக்கும் இடம் உதவுகிறது. ஆனால் குஞ்சு அங்கேயே நிற்காது, நகர்ந்திருக்கும். அப்புறம் குரல் ஒன்றுதான் வழி. பெரியது கூவும், குஞ்சு பதிலுக்கு விசில் மாதிரி ஒலி எழுப்பிக்கொண்டு ஓடி வரும்.

சேந்தன் தம்பி, மாட்டுக்கு நீங்கள் சொன்னது சரி. வாசனை சில கடற்பறவைகளுக்கும் உண்டு. வளைக்குள் கூடு வைக்கும் பெட்ரல் இனங்கள் சில தங்கள் வளையை மோப்பத்தால் கண்டுபிடிக்கும். ஆனால் திறந்த கடற்கரையில், காற்றடிக்கும் இடத்தில், பத்து மீட்டர் தள்ளி நிற்கும் குஞ்சை மோப்பம் பிடித்துப் பிரித்தெடுப்பது நடக்காத காரியம்.

யாழினி | ஞாயிறு, காலை 7.30

அலைவாய் அண்ணா, படித்தேன். ஒரு சந்தேகம். கூவியது, குஞ்சு வந்தது என்பதால் குரல்தான் காரணம் என்று ஆகிவிடுமா? அது நிற்கும் இடம், நடக்கும் விதம், முகம் எல்லாமும்தானே அங்கே இருக்கிறது? நான் வீட்டுக்குள் வரும்போது என் பூனை கதவுச் சத்தத்துக்கு ஓடி வருகிறதா, செருப்புச் சத்தத்துக்கா, என் குரலுக்கா என்று எனக்கே தெரியாது.

அலைவாய் | ஞாயிறு, காலை 10.05

நல்ல கேள்வி யாழினி. இதைத் தீர்ப்பதற்கு ஒரே வழி, பறவையை எடுத்துவிட்டுக் குரலை மட்டும் வைப்பது. அதைத்தான் செய்தார்கள். அப்பாவோ அம்மாவோ கூவியதைப் பதிவு செய்துகொண்டு, அவர்கள் கடலுக்குப் போன பிறகு ஒலிபெருக்கியைக் கொண்டுவந்து வைத்துப் போட்டார்கள். பார்க்க அங்கே ஒரு பெட்டிதான் இருக்கிறது. குஞ்சு அந்தப் பெட்டியை நோக்கிக் கூவிக்கொண்டே ஓடி வந்தது. பக்கத்தில் நின்ற மற்ற குஞ்சுகள் அசையவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தால் "குரல்தான்" என்பதோடு போயிருக்கும். குரலில் எது என்று தேடினார்கள் பாருங்கள், எனக்கு ரொம்பப் பிடித்தது அந்தப் பகுதிதான். பதிவைக் கணினியில் போட்டு ஒவ்வொன்றாக மாற்றினார்கள். குரலின் ஏற்ற இறக்கமான சத்த அளவைச் சமமாக்கிப் போட்டார்கள், குஞ்சு வந்தது. சுருதி நெளிந்து நெளிந்து மேலே போய் கீழே வருவதை அழித்துத் தட்டையாக்கிப் போட்டார்கள், வரவில்லை. பின்னிருந்து முன்னாகத் திருப்பிப் போட்டார்கள், அதற்கும் வரவில்லை. ஆக, சத்தம் எவ்வளவு பெரிது என்பதைக் குஞ்சு பொருட்படுத்துவதில்லை. சுருதி எந்த வடிவத்தில் நெளிகிறது என்பதைத்தான் பிடித்துக்கொள்கிறது. அந்த நெளிவு ஒவ்வொரு பறவைக்கும் வேறு, அதே பறவை எத்தனை தடவை கூவினாலும் ஒன்று.

குரல் முழுவதும் கூட வேண்டாம். முதல் அசையில் முதல் பாதி, அதாவது 0.23 விநாடி, காதில் விழுந்தால் போதும். நாம் 'அம்மா' என்பதில் 'அம்' முடிப்பதற்குள் குஞ்சுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடுகிறது.

இன்னொன்றும் அளந்தார்கள். காலனி, அதாவது பறவைகள் கூட்டமாகக் குஞ்சு வளர்க்கும் இடம், அமைதியான இடம் இல்லை. பல்லாயிரம் பறவை ஒரே நேரத்தில், ஒரே மாதிரி கத்திக்கொண்டிருக்கும். அப்பாவின் குரலை மற்றப் பெரிய பறவைகளின் குரலோடு கலந்து, சுற்றுச் சத்தத்தைவிட 6 டெசிபல் தாழ்வாக வைத்துப் போட்டாலும் குஞ்சு பிரித்தறிந்தது. 6 டெசிபல் குறைவு என்றால் ஒலியின் அழுத்தம் சுமார் பாதி, ஆற்றல் கணக்கில் கால்பங்கு. 1998ல் வெளியான ஆய்வு இது.

நிலாமதி, தேரோட்டத்தில் பத்து அம்மா திரும்பியதற்கும் இதில் பதில் இருக்கிறது. 'அம்மா' என்ற சொல் எல்லாக் குழந்தைக்கும் பொது. பென்குயினுக்குச் சொல் கிடையாது, குரலின் வடிவமே பெயர்.

காயல் உமர் | ஞாயிறு, பகல் 1.15

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சரக்குக் கப்பலில் ரேடியோ ஆபீசராக முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன். தெற்கே போகும் கப்பலில் இரண்டு தடவை போயிருக்கிறேன், அந்தக் காற்று எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். டெக்கில் பக்கத்தில் நிற்பவர் வாயைத் திறப்பது தெரியும், பேச்சு வராது.

அலைவாய் தம்பி, என் கேள்வி: காற்று அடித்தால் அந்தக் குரல் என்ன ஆகும்? எங்கள் தொழிலில் சத்தம் அதிகமுள்ள லைனில் ஒரே விஷயத்தை இரண்டு மூன்று தடவை சொல்வோம். கப்பல் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்வோம். ஒரு தடவை விட்டுப்போனது அடுத்த தடவை காதில் விழும். இந்தப் பறவைக்கு அப்படி ஏதாவது ஏற்பாடு உண்டா?

அலைவாய் | ஞாயிறு, மாலை 6.40

வ அலைக்கும் அஸ்ஸலாம் உமர் ஐயா. நீங்கள் கேட்டதற்கு நேரடியான பதில் இருக்கிறது, அதே தீவில் பார்த்தது. காற்று பலமாக வீசும் நாளில் கிங் பென்குயின் கூவும் தடவையையும் கூட்டுகிறது, ஒவ்வொரு கூவலிலும் அசைகளின் எண்ணிக்கையையும் கூட்டுகிறது. ஒவ்வொரு அசையும் கிட்டத்தட்ட ஒரே அடையாளத்தைத் திரும்பச் சொல்வதுதான். அதனால் காற்று எதை அள்ளிக்கொண்டு போனாலும் மிச்சமிருப்பதில் ஆள் தெரிந்துவிடும். 1999ல் இதை எழுதியவர்கள், 1948ல் கிளாட் ஷானன் தொலைத்தொடர்புக்காக உருவாக்கிய தகவல் கோட்பாட்டை வைத்தே விளக்கினார்கள். ரேடியோ அறையில் நீங்கள் செய்ததும் அந்தப் பறவை செய்வதும் ஒரே கணக்கு ஐயா.

காற்று மட்டும் இல்லை. பென்குயின்களின் உடம்பே ஒரு தடுப்பு. கூவும் பறவைக்கும் குஞ்சுக்கும் நடுவில் நெருக்கமாக நிற்கும் உடம்புகள் கூர்மையான உயர்சுருதியை விழுங்கிவிடும். தாழ்ந்த சுருதிதான் ஊடுருவிப் போகும். ஒரு குரலில் அடிச்சுருதியும் அதன் மடங்குகளாக மேலே அடுக்கடுக்காக வரும் சுருதிகளும் சேர்ந்து ஒலிக்கும், இவைதான் இசைத்தளங்கள். அடையாளத்துக்குக் கீழிருந்து முதல் மூன்று தளங்களே போதும் என்றும் ஆய்வில் வந்தது, அதன் காரணம் இப்போது புரிகிறதல்லவா? மேலே உள்ளவை எப்படியும் வழியில் அழிந்துபோகும், அவற்றை நம்பியிருந்தால் குஞ்சு பட்டினிதான். கழுத்தை நீட்டி அலகை உயர்த்திக் கூவுவதும் முடிந்தவரை தலைகளுக்கு மேலே குரலை அனுப்பத்தான்.

நாயனம் வேலு | ஞாயிறு, இரவு 8.30

நான் நாதஸ்வரக்காரன், படித்தது குறைவு. ஆனால் இந்த இழையை ஒரு வரி விடாமல் படிக்கிறேன். சுருதி நெளிவை வைத்து ஆளைச் சொல்வது எங்களுக்குப் புதிது இல்லை. தெருக்கோடியில் ஊர்வலம் வரும்போதே, யார் வாசிப்பது என்று எங்கள் அப்பா திண்ணையில் உட்கார்ந்தபடி சொல்வார். ராகம் ஒன்றுதான், கமகம் ஆளுக்கு ஆள் வேறு.

ஒரு தடவை யாரோ சொன்னார்கள், பறவைக்குத் தொண்டையில் இரண்டு குரல் என்று. உண்மையா?

அலைவாய் | ஞாயிறு, இரவு 10.50

வேலு அண்ணா, உண்மை. இதில் நீங்கள்தான் எனக்குச் சொல்லித்தர வேண்டும்.

நமக்குக் குரல் வருவது மூச்சுக்குழாயின் மேல்நுனியில். பறவைக்கு அடியில், மூச்சுக்குழாய் இரண்டாகக் கிளை பிரியும் இடத்தில். இரண்டு கிளையிலும் தனித்தனியாக ஒலி எழுப்ப முடியும். பெரும்பாலான பறவைகள் இதை எப்படியெப்படியோ பயன்படுத்துகின்றன. அண்டார்டிகாவின் எம்பரர் பென்குயின் இரண்டையும் ஒரே நேரத்தில், கொஞ்சம் வித்தியாசமான இரண்டு சுருதியில் ஒலிக்கிறது. அடேலி லேண்டில் உள்ள பிரெஞ்சு நிலையத்துக்குப் பக்கத்துக் காலனியில் இதைப் பார்த்தார்கள். 2000ல் வெளியானது.

இரண்டு சுருதி கிட்டக்கிட்ட இருந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

நாயனம் வேலு | திங்கள், காலை 6.15

தெரியாமலா? தம்பூராவில் இரண்டு தந்தி சேரப்போகும் நேரம். இன்னும் சேரவில்லை, ஆனால் நெருங்கிவிட்டது. அப்போது ஒலி நின்று நின்று வரும். வொவ் வொவ் வொவ் என்று ஒரு அலை. பிரடையைத் திருகத் திருக அலை மெதுவாகும், வொவ்வ்… வொவ்வ்வ்… அப்புறம் அலையே இல்லாமல் ஒரே கோடாக நிற்கும். அதுதான் சேர்ந்த இடம். நாங்கள் அந்த அலையை ஒழிக்கத்தான் பாடுபடுகிறோம்.

அலைவாய் | திங்கள், காலை 9.00

அதேதான் அண்ணா! நீங்கள் ஒழிக்கும் அலையைத்தான் எம்பரர் பென்குயின் பேராக வைத்திருக்கிறது. ஒரு பக்கத்துக்கும் மறுபக்கத்துக்கும் விநாடிக்கு எத்தனை அதிர்வு வித்தியாசமோ, அத்தனை அலை விநாடிக்கு எழும். ஒவ்வொரு பறவைக்கும் அந்த வித்தியாசம் வேறு. அதன் மேல் அசைகளின் நீளமும் நடுவில் விடும் இடைவெளியும் சேர்ந்து, கடைச் சாமான் மேல் இருக்கும் கறுப்பு வெள்ளைக் கோடு மாதிரி ஒரு வடிவம் கிடைக்கிறது. பதிவிலிருந்து ஒரு பக்கக் குரலை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் போட்டபோது இணையும் திரும்பவில்லை, குஞ்சும் திரும்பவில்லை.

எம்பரருக்கு ஏன் இவ்வளவு சிக்கல் என்றால், கிங் பென்குயினாவது அடைகாக்கும்போது ஒரே இடத்தில் நிற்கும். எம்பரர் அதுவும் இல்லை. நடுக்குளிர்காலத்தில், ஆண் முட்டையைப் பாதத்தில் வைத்துக்கொண்டு ஏறக்குறைய 65 நாள் ஒன்றும் சாப்பிடாமல் அடைகாக்கும். குளிருக்கு எல்லாம் ஒட்டிக்கொண்டு கும்பலாக நிற்கும், கும்பல் நகர்ந்துகொண்டே இருக்கும். பெண் இரண்டு மாதம் கழித்துக் கடலிலிருந்து வரும்போது புருஷன் எந்த மூலையில் நிற்கிறான் என்பதற்கு ஒரு தடயமும் கிடையாது.

கோமதி டீச்சர் | திங்கள், மாலை 5.20

தொடக்கப்பள்ளி ஆசிரியை நான். நாளைக்கே வகுப்பில் சொல்லப்போகிறேன். ஒரு விஷயம் தெளிவாக வேண்டும். கூட்டமாக வாழும் எல்லாக் கடற்பறவைக்கும் இதே திறமை உண்டா? "பறவைகள் தம் குஞ்சைக் குரலால் அறியும்" என்று பொதுவாகச் சொல்லலாமா?

அலைவாய் | திங்கள், இரவு 9.30

டீச்சர், அப்படிப் பொதுவாகச் சொல்லாதீர்கள் என்பதுதான் என் தாழ்மையான வேண்டுகோள். இந்த விஷயத்தில் நான் திரும்பத் திரும்பச் சொல்ல நினைப்பது ஒன்றுதான்: எந்தப் பறவைக்கு விலாசம் இல்லையோ அதற்குத்தான் குரல் கூர்மையாக வேண்டியிருக்கிறது.

அடேலி பென்குயினை எடுங்கள். அதுவும் அண்டார்டிகா, அதுவும் பெரிய காலனி. ஆனால் கூழாங்கல்லைப் பொறுக்கிக் கூடு கட்டும். திரும்பி வரும் பறவை நேராகக் கூட்டுக்கே போய் நின்று கூவும். இடத்தை வைத்துப் பாதி வேலை முடிந்துவிடுகிறது. அதனால் அதன் குரல் அடையாளமும் எளிமையானது. பெரும்பாலும் சுருதியின் உயரத்தை வைத்தே காரியம் நடக்கிறது, எம்பரருடைய இரட்டைக்குரல் கணக்கெல்லாம் அதற்குத் தேவையில்லை.

கடற்காகங்களில் இது இன்னும் தெளிவு. ஹெர்ரிங் கடற்காகம் தரையில் கூடு வைக்கும். குஞ்சு சில நாளிலேயே எழுந்து நடக்கும், பக்கத்து வீட்டு எல்லைக்குள் போனால் கொத்திக் கொன்றுவிடுவார்கள். நிக்கோ டின்பெர்கன் இதைக் கவனித்தார், பின்னால் 1973ல் நோபல் பரிசு பெற்றவர். பொரிந்த முதல் சில நாள் வேறு குஞ்சைக் கொண்டுபோய் வைத்தால் தாய் தகப்பன் ஏற்றுக்கொள்கிறார்கள். சுமார் 5 நாள் கழிந்தால் ஏற்பதில்லை. குஞ்சு நடக்க ஆரம்பிக்கும் நேரமும் அடையாளம் பிடிபடும் நேரமும் ஒட்டி வருகின்றன.

இப்போது அதே குடும்பத்தில் கிட்டிவேக் என்று ஒன்று. அதுவும் கடற்காகம்தான், ஆனால் செங்குத்துப் பாறையில் கைப்பிடி அகலத் திட்டில் கூடு. குஞ்சு ஒரு அடி எடுத்து வைத்தால் கடலில் விழும், அதனால் அசையாது. டின்பெர்கனின் மாணவி எஸ்தர் கல்லன், இங்கிலாந்தின் ஃபார்ன் தீவுகளில் பார்த்து 1957ல் எழுதினார். கிட்டிவேக் தன் கூட்டில் இருக்கும் குஞ்சை மாற்றி வைத்தாலும் கண்டுகொள்வதில்லை, ஊட்டுகிறது. கூட்டில் இருந்தால் அது நம்முடையது, அவ்வளவுதான். ஆனால் அதே கிட்டிவேக் தன் ஜோடியின் குரலை நன்றாகவே அறியும். இங்கிலாந்தில் இன்னொருவர் அதையும் சோதித்திருக்கிறார். ஆக, காதில் குறை இல்லை. குஞ்சுக்காக அந்தக் காதைத் திருப்ப அவசியம் வரவில்லை.

கோமதி டீச்சர் | திங்கள், இரவு 10.10

கிட்டிவேக் கதை மனசைப் பிசைகிறது அலைவாய். தன் பிள்ளையைத் தெரியாமல் அடுத்தவர் பிள்ளையை வளர்ப்பதா? குழந்தைகளிடம் இதை எப்படிச் சொல்வது?

சேந்தன் | திங்கள், இரவு 10.40

டீச்சர், நம் ஊர் காக்கா குயில் குஞ்சை வளர்க்கிறதே. எங்கள் வேப்பமரத்தில் போன வருடம் பார்த்தேன். புள்ளிபுள்ளியாக வேறு மாதிரி இருக்கும் குஞ்சுக்கு, காக்கா மதியம் முழுக்கப் பறந்து பறந்து ஊட்டியது. பாவம் என்று தோன்றவில்லை, அது செய்த வேலையைப் பார்த்துக் கைகூப்பத் தோன்றியது.

யாழினி | செவ்வாய், காலை 7.10

டீச்சர், எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. கிட்டிவேக் ஏமாறுவது மனிதர் கைவைத்து மாற்றும்போதுதான். இயற்கையில் அந்தப் பாறைத் திட்டுக்கு அடுத்த வீட்டுக் குஞ்சு நடந்து வர வழியே இல்லை. அதனால் அது தினமும் தன் பிள்ளைக்குத்தான் ஊட்டுகிறது. தெரியவில்லை என்பதால் அன்பு குறைந்ததாக ஆகாது. குழந்தைகளுக்கு இப்படிச் சொன்னால் புரியும் என்று நினைக்கிறேன்.

அலைவாய் | செவ்வாய், காலை 8.45

யாழினி சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. டீச்சர், அதைவிட மனசுக்கு இதமான ஒன்று வேண்டுமென்றால் கில்லெமாட் பற்றிச் சொல்லுங்கள்.

வட அட்லாண்டிக் கரைகளில், பாறை விளிம்பில், தோளோடு தோள் உரச நிற்கும் பறவை. ஒரு சதுர மீட்டரில் 20 ஜோடி கூட இருக்கும். கூடு கிடையாது, வெறும் பாறையில் ஒற்றை முட்டை. ஒவ்வொரு பெண்ணின் முட்டைக்கும் நிறமும் கோலமும் வேறு. ஒன்று நீலப்பச்சையில் கறுப்புக் கிறுக்கல், அடுத்தது வெள்ளையில் பழுப்புப் புள்ளி. அதை வைத்துத் தன் முட்டையை அறியும்.

குஞ்சுக்குக் குரல். அது எப்போது தொடங்குகிறது தெரியுமா? முட்டைக்குள்ளேயே. பெயாட் சான்ஸ் என்ற சுவிட்சர்லாந்து ஆய்வாளர் 1960களில் நார்வேயின் லொஃபோட்டன் பக்கம் ரோஸ்ட் தீவுகளில் வருடா வருடம் போய்ப் பார்த்தார். பொரிவதற்குச் சில நாள் முன்னாலேயே ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சு கீச்சிடுகிறது. அடைகாக்கும் பறவை குனிந்து அதற்குப் பதில் கொடுக்கிறது. பொரிகருவியில் வைத்த முட்டைகளுக்கு ஒரு குறிப்பிட்ட பறவையின் குரலைப் போட்டுக் கேட்க வைத்தார். பொரிந்து வந்த குஞ்சுகள் முன்பின் பார்க்காத அந்தப் பறவையின் குரலைத் தேடிப் போயின.

அப்புறம் மூன்று வாரத்தில் ஒரு மாலை. சிறகு இன்னும் பறக்கிற அளவுக்கு வளரவில்லை, உடம்பு எடையோ பெரிய பறவையின் கால்பங்குதான். அப்பா கீழே கடலில் நின்று கூப்பிடுகிறார். குஞ்சு விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்து, பின்வாங்கி, மறுபடி வந்து, குதித்துவிடுகிறது. அந்த மங்கலில், நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் குதிக்கும் இரைச்சலில், இருவரும் மாறி மாறிக் கூப்பிட்டு ஒருவரையொருவர் கண்டுபிடித்துச் சேர்ந்து நீந்திப் போகிறார்கள். அதன் பிறகு இரண்டு மாதம் போல அப்பாதான் நடுக்கடலில் வைத்து ஊட்டி வளர்க்கிறார். அப்பாக்கள் தினத்துக்கு வைத்துக்கொள்ளலாம் டீச்சர்.

பாம்பன் சேவியர் | செவ்வாய், மதியம் 2.00

நான் மீன்பிடிக் குடும்பம். நீங்கள் எழுதுவதெல்லாம் வெளிநாட்டுப் பறவை. எங்கள் பக்கம் இருக்கும் ஆலாவுக்கும் இது பொருந்துமா? ஆலா வட்டமடிக்கும் இடத்தில் வலை போட்டால் மீன் படும் என்று தாத்தா காலத்திலிருந்து பழக்கம். எங்களுக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் உள்ள மணல் தீடைகளில் அவை முட்டையிடுவதைப் பார்த்திருக்கிறேன். சின்ன வயதில் அப்பாவோடு ஒரு தீடையில் இறங்கினேன். காலடியில் முட்டை இருப்பதே தெரியவில்லை, மணலும் அதுவும் ஒரே நிறம். ஆலாக்கள் தலைக்கு மேல் வந்து எழுப்பிய கூச்சல் இன்னும் காதில் இருக்கிறது. அப்பா "கால வைக்காத, படகுல ஏறு" என்று அதட்டினார்.

அலைவாய் | செவ்வாய், இரவு 9.15

சேவியர், உங்கள் அப்பா செய்தது மிகச் சரி. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பொருந்தும். ஆலாக்களில் பல இனத்தில் இதைச் சோதித்திருக்கிறார்கள். மீனைக் கவ்விக்கொண்டு வரும் ஆலா காலனிக்கு மேலே வரும்போதே கூவும். தன் அப்பாவோ அம்மாவோ என்றால்தான் குஞ்சு எழுந்து கத்தும், மற்றவர் குரலுக்குச் சும்மா படுத்திருக்கும். உங்கள் தீடைகளில் இருக்கும் பெரிய கொண்டை ஆலா, பென்குயின் மாதிரியே பால்வாடி வைக்கும் இனம். குஞ்சுகள் கூட்டை விட்டு எழுந்து ஒன்றாகத் திரளும். தாய் தகப்பன் அந்தத் திரளில் தன்னுடையதை மட்டும் தேடி ஊட்டும். ஆஸ்திரேலியாவில் 1962லேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

நண்பர்கள் யாராவது படம் எடுக்கத் தீடைக்குப் போக ஆசைப்பட்டால் ஒரு வார்த்தை. ஆள் இறங்கியதும் பெரியவை எல்லாம் எழும்பிவிடும், குஞ்சுகள் மூலைக்கு மூலை சிதறும். நடக்கத் தொடங்கியவை பரவாயில்லை, குரலால் மறுபடி சேரும். பொரிந்து ஒன்றிரண்டு நாளானவைக்கு அந்தப் பழக்கம் இன்னும் உறைத்திருக்காது. அவை அடுத்தவர் எல்லையில் போய் விழுந்தால் கொத்து, வெயிலில் கிடந்தால் சூடு, காக்காயும் நாயும் வேறு. முட்டை என்றால் நண்பகல் மணலில் கொஞ்ச நேரம் திறந்து கிடந்தாலே போச்சு. படகில் இருந்தபடி தொலைநோக்கியில் பாருங்கள், இறங்காதீர்கள்.

காயல் உமர் | செவ்வாய், இரவு 10.00

குரோசே தீவில் பென்குயின் குறைந்துபோனதாக ஒரு செய்தி கேட்ட ஞாபகம். சரிதானா தம்பி?

அலைவாய் | செவ்வாய், இரவு 10.25

சரிதான் ஐயா. அதே தீவுக்கூட்டத்தில் கொஷோன் என்ற தீவு, பன்றித் தீவு என்று அர்த்தம். உலகத்திலேயே பெரிய கிங் பென்குயின் காலனி அங்கேதான் இருந்தது. 1980களில் சுமார் 5 லட்சம் ஜோடி. செயற்கைக்கோள் படத்தையும் ஹெலிகாப்டரில் எடுத்த படத்தையும் வைத்து 2018ல் வெளியிட்ட கணக்கில் 60 ஆயிரம் ஜோடிக்கு வந்துவிட்டது. அதை முதலில் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. கூச்சல் போட்ட கரையில் இப்போது புல் ஏறிக்கொண்டிருக்கிறது.

நிலாமதி | புதன், இரவு 8.50

எல்லோருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து தினமும் சாப்பாட்டுக்கு அப்புறம் இந்த இழையை மகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன். இன்றைக்கு அவளும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் மொட்டை மாடியில் பென்குயின் விளையாட்டு விளையாடினார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருத்தி நடுவில் நிற்க வேண்டும். சுற்றி ஏழெட்டுப் பேர் ஒரே நேரத்தில் 'ஊ' என்று கத்துவார்கள், அதில் அவளுடைய 'அப்பா' யார் என்று கண்டுபிடித்துத் தொட வேண்டும். 'ஊ' தவிர வேறு சொல் கூடாது. முதல் நான்கு தடவை எல்லோரும் தோற்றார்கள். அப்புறம் எதிர்வீட்டுப் பையன் 'ஊ'வை மேலே தூக்கிக் கீழே இறக்கி இழுத்துக் கூவினான், இவள் நேராகப் போய்த் தொட்டுவிட்டாள். வேலு அண்ணா, கமகம் வேலை செய்கிறது!

கடைசியாக அவளுடைய கேள்வி ஒன்று பாக்கி. "அந்த அப்பா பென்குயினுக்குச் சளி பிடிச்சுத் தொண்டை கட்டிட்டா, பாப்பாவுக்குத் தெரியாம போயிடுமா?"

அலைவாய் | புதன், இரவு 11.30

அவளுக்குச் சொல்லுங்கள்: அதையும் பார்த்திருக்கிறார்கள். சளிக்காக இல்லை, ஆனால் பதிவின் சுருதியை வேண்டுமென்றே கொஞ்சம் ஏற்றியும் கொஞ்சம் இறக்கியும் போட்டார்கள். நெளிவின் வடிவம் மாறாமல் இருந்தவரை குஞ்சு வந்தது. ரொம்பவும் ஏற்றி இறக்கியபோதுதான் தயங்கி நின்றுவிட்டது. அதனால் அப்பாவின் தொண்டை லேசாகக் கட்டினால் பயமில்லை.

எதிர்வீட்டுப் பையனை நாளைக்கு அதே கூவலைக் கொஞ்சம் தடித்த குரலில் கூவச் சொல்லுங்கள். அவள் கண்டுபிடிக்கிறாளா என்று வந்து எழுதுங்கள்.